சோறு இருந்தும் மேசை கிடைக்காத மதியம்

தோழி,

மன்னித்துக்கொள். படிக்க நீ இல்லாதபோது எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. அலுவலகத்தில் உன் மேசையை இன்றைக்குள் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். நாளை புதிதாக ஒரு பெண் வருகிறாள். இழுப்பறையைத் திறந்ததும் உன் தலைவலித் தைலத்தின் வாசனை வந்தது. மூடிவிட்டேன். டெங்கி என்று விடுப்பெடுத்துப் போனவள் நீ, திரும்பவே இல்லை. அன்றிலிருந்து உன் நாற்காலியில் யாரும் உட்காராதபடி ஏதாவது காரணம் சொல்லிவருகிறேன்.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நாம் சேர்ந்த புதிதில் நம்மைப் படுத்திய அந்த வெப்பமானி நினைவிருக்கிறதா? உள்ளங்கை அளவு மின்சுற்றுப் பலகை, கொஞ்சமே நினைவகம், அதில் லினக்ஸ் இயங்குதளம். ஒவ்வோர் அளவீட்டுக்கும் நம் நிரல் தனியாக ஒரு திரெட்டை, அதாவது ஒரு சின்ன வேலை இழையை, தொடங்கும். அது வேலையை முடித்து ஓயும். காலையில் நன்றாக ஓடும். மதியத்துக்குள், புதிய திரெட்டை உருவாக்க முடியவில்லை என்று நின்றுவிடும். நினைவகமோ மிச்சம் இருப்பதாகவே காட்டும். ஒவ்வொரு திரெட்டுக்கும் ஒதுக்கும் இடத்தைக் குறைத்துப் பார்த்தோம். மதியம் நின்றுகொண்டிருந்தது, சாயங்காலம் நின்றது.

"பொழைக்கல லா, லேட்டா சாவுது," என்றாய்.

மறுநாள் நாசி கண்டார் சோற்றுக்கடையில் தட்டோடு நின்றோம். சாப்பிட்டவர்கள் போய்விட்டார்கள், அவர்களுடைய தட்டுகள் மேசைகளை அடைத்துக்கொண்டு கிடந்தன.

"அண்ணே, சோறு இருக்கு, உக்கார மேசை இல்ல. நானே தட்டெடுத்தா காசு கொறைப்பீங்களா?" என்று கடைக்காரரிடம் கேட்டாய்.

"எடு தங்கச்சி, வேலையே போட்டுத் தர்றேன்."

நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நம்ம திரெட்டும் இப்படித்தான்," என்றேன் மெதுவாக. "முடிஞ்சிருச்சு. ஆனா யாரும் போய் எடுக்கல. அதான் இடம் அடைச்சிக்கிட்டே இருக்கு."

"மீட்டிங்ல நீதான் சொல்ற."

"நீயே சொல்லேன்."

"ஏன், தப்பா பேசுனா டிகிரிய திருப்பிக் கேட்பாங்களா?"

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. உண்மையில் அப்படித்தான் பயந்தேன். கூட்டத்தில் உன் முழங்கை என் விலாவில் இடித்தது. பேசினேன். முடிந்த ஒவ்வொரு திரெட்டையும் நிரலே போய்ச் சேகரித்து, அதன் இடத்தை விடுவிக்க ஒரு வரி சேர்த்தோம். அதன்பின் வெப்பமானி நிற்கவே இல்லை.

இப்போது கூட்டங்களில் நானாகவே பேசுகிறேன். ஆனாலும் வாய் திறக்குமுன், அந்த இடியை எதிர்பார்த்து உடம்பு கொஞ்சம் இடப்பக்கம் சாய்கிறது.

இவ்வளவு நேரம் கேட்கத் தயங்கியது ஒன்று உண்டு. நாளை வருபவளிடம் அது உன் இடம் என்று கொஞ்ச நாள் சொல்லாமல் இருக்கட்டுமா? தெரிந்தால் பாவம், நாற்காலியின் விளிம்பிலேயே உட்கார்ந்திருப்பாள்.