யாருக்கு ஜாமீன்

2008 செப்டம்பர் 28, ஞாயிறு

காலையில் மூடுபனி, எட்டு மணிக்கே புழுக்கம். ரமலான் நேரம், ஆபீஸ் இரண்டு மணி வரை.

துபாய் சத்வாவில் உள்ள எங்கள் அறை இன்று வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. மாலை ஏழிலிருந்து எட்டு வரை டிவியில் ஆங்கிலச் செய்தி. சீரியல் அதற்கு மேல். ஆதரவு 2, எதிர்ப்பு 1, தூக்கம் 1. தூங்கியவர் பாஸ்கர், நைட் டியூட்டி செக்யூரிட்டி. அவர் வாக்கை இரு தரப்பும் டீ கொடுத்து நாடின. எழவில்லை.

எதிர்த்தவர் பழனிவேல், அறந்தாங்கிக்காரர், எங்கள் கம்பெனி சைட்டில் கம்பி ஃபோர்மேன். இனி ப.வே. ஆதரித்தவர்கள் சிவநேசன், யாழ்ப்பாணம், டிரேடிங் கம்பெனியில் கணக்கர் (சி.நே.), மற்றும் நான்.

முதல் நாள் செய்தி: அமெரிக்க பாங்குகள் விழுகின்றன. தூக்கி நிறுத்த மசோதா. ஆளுவது யானைச் சின்னக் கட்சி, மசோதாவும் அதனுடையது, எதிர்ப்பும் பெரும்பாலும் அதனுடையது. கழுதைச் சின்னக்காரர்கள் முகம் சுளித்தபடி ஆதரவு.

ப.வே.: "நெசமாவே கழுதைய வச்சா ஓட்டுக் கேக்குறாய்ங்க?"

ஆமாம் என்றேன். டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார் அவர்.

வாங்க: குபூஸ் ரொட்டி, தயிர், கரப்பான் மருந்து, போன் கார்டு.

செப். 29, திங்கள்

ப.வே. லீவு கேட்கத் தொடங்கி இது பதினோராவது மாதம். மகளுக்கு இரண்டரை வயது. போட்டோவில் மட்டும் பழக்கம். விண்ணப்பத்தை நானே நான்கு முறை டைப் அடித்தேன் (ஆபீசில் கடிதம், வரைபடம், ஃபைல் எல்லாம் என் பொறுப்பு). நான்கு முறையும் ஒரே பதில்: மாஃபி லீவு, அதாவது லீவு கிடையாது, ஆள் குறைவு. கேட்பது இரண்டே மாதம். "வேலைய விட்டுட்டுப் போறது லேசுண்ணே. வேலையோட போய்ட்டு வரணும்."

மாலை அறையில் கடும் விவாதம். "திருட்டுப் பயலுகளுக்கு எதுக்கு ஜாமீன்? உள்ளயே கெடக்கட்டும்!" என்றார் ப.வே. சி.நே. மறுத்தார்: "அவையள விழ விட்டா எல்லாரும் விழவேணும், விளங்குதோ?" அரை மணி நேரம் இப்படியே. பிறகுதான் புரிந்தது, செய்தியில் வந்த 'பெயில் அவுட்' என்பதை வைத்து பாங்குக்காரர்கள் கைதாகிவிட்டதாக ப.வே. நினைத்திருக்கிறார். யாரும் கைதாகவில்லை என்று விளக்கினேன்.

"கைதே ஆகலையா? அப்ப இன்னும் மோசம்!"

சி.நே.: "இந்த வருசம் உம்மட அப்பான்ட விவசாயக் கடனைத் தள்ளினவங்கள்தானே? அது மட்டும் என்னவாம்?"

"எங்கப்பன் நெல்லு போட்டாரு. இவனுக என்னத்தப் போட்டானுக?"

அமெரிக்காவில் இந்தக் கேள்வியைப் பல பக்கங்களில் கேட்கிறார்கள்.

செப். 30, செவ்வாய்

பெருநாள். கீழ்த்தளத்து பாகிஸ்தானி பாய் சேமியாப் பாயசம் கொடுத்தனுப்பினார்.

மசோதா தோற்றுவிட்டது. ப.வே. வெற்றியுரை, லுங்கியில், கட்டில் மேல் நின்று.

சி.நே.: "சந்தோசப்படாதையும். நீர் கட்டுற கட்டடத்துக்கு ஆர் காசு குடுக்கிறாங்கள்?"

"எங்க கம்பெனி."

"கம்பெனிக்கு?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கொடுப்பது அமெரிக்க பாங்க். போன வியாழன் வந்த அதன் கடிதத்தில் வரவு முத்திரை போட்டவன் நான். கட்டடக் கடனின் அடுத்த தவணையை நிறுத்திவைத்திருக்கிறார்கள். தெரியாது என்றேன். காரணம்: ஆபீஸ் ரகசியம். இன்னொரு காரணம்: பாயசம் ஆறிக்கொண்டிருந்தது.

மத்தியானம் தூக்கம் வரவில்லை. ஏசி சத்தம். தையல் கடைகளை இரண்டு முறை சுற்றி வந்தேன், தைக்க எதுவும் இல்லாமல்.

அக். 2, வியாழன்

சைட் திறந்தது. கம்பி கட்டி முடிந்த ஆறாவது தளம் கான்கிரீட்டுக்குக் காத்திருக்கிறது. லாரி ஒன்றுகூட இல்லை. எங்கள் மேனேஜர் (லெபனான்காரர்) எல்லாருக்கும் ஒரே பதில்: பெருநாள் முடியட்டும். முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.

ப.வே.: "வண்டி ஏண்ணே வரல?"

நான்: "டிரைவர் லீவா இருக்கும்."

"அவனுக்கெல்லாம் லீவு குடுக்குறாய்ங்க பாரு."

டிவியில் அமெரிக்க அதிபர் வேட்பாளர்கள். ஒருவர் எல்லாருக்கும் வரி குறைப்பாராம், மற்றவர் பெரும்பாலோருக்கு. துபாயில் சம்பளத்துக்கு வரியே இல்லை; ஆக இங்கே இருவரும் வென்றாயிற்று. நான்கு பக்கம் கொறித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன். எந்தப் புத்தகம் என்று நினைவில்லை.

அக். 4, சனி

மசோதா திருத்தத்தோடு மறுபடி வந்து நேற்று பாஸ். சி.நே. ஆரவாரம் செய்யவில்லை, நல்ல மனிதர். ப.வே. தோல்வியை ஒப்புக்கொண்டார்: "சரி, ஜாமீன் குடுத்தாச்சு. இனிமேலாச்சும் கான்கிரீட் வருமாண்ணே?"

"வரும், வரும். ஏன் வராது?"

இருவரும் ஒரே தட்டில் முட்டை பொரியல். இரு கட்சி உடன்பாடு.

வண்டி வரவில்லை.

அக். 5, ஞாயிறு

காலை பத்து மணி. மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார்: பழனிவேலுக்கு லீவு, உடனே, கலாஸ் (முடிந்தது பேச்சு). சைட்டுக்கு நானே போய்ச் சொன்னேன். ப.வே. கையுறையைக்கூடக் கழற்றாமல் ஊருக்குப் போன் போட்டார். "ஏ பிள்ள, லீவு குடுத்துட்டாய்ங்க! ... ஆமா, எண்ணி ரெண்டு மாசம்... பாப்பா கிட்டக் குடு, குடு... பாப்பா, யாரு பேசுறது, சொல்லு?" பிறகு என்னிடம்: "யாரோன்னு சொல்லுதுண்ணே." சிரித்தார்.

மத்தியானத்துக்குள் இன்னும் முப்பது பேருக்கு லீவு. எல்லாம் நான்தான் டைப். திரும்பிச் சேரும் தேதியைக் காலியாக விடச் சொன்னார்கள். ஒவ்வொரு ஃபாரத்தோடும் விசா கேன்சல் தாள் ஒன்றைச் சேர்த்துப் பின் அடித்தேன்.