எஸ்கேப் பொத்தானுக்கு ஒரு நொடி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். முதலில் என் மானம் போன கதையைக் கேட்டுச் சிரித்துக்கொள். கிடங்கில் கம்ப்யூட்டரைப் பார்த்து "செவிட்டு முண்டமே" என்று கத்திவிட்டேன். பின்னால் மேலாளர் நின்றிருந்தார். அவருக்கு ஒரு காது கேட்காது. இன்னொன்று நன்றாகவே கேட்கும்.

வருகிற பெட்டிகளின் விவரத்தை நான் பதிவு செய்கிற கறுப்புத் திரை உனக்குத் தெரியுமே. எஸ்கேப் பொத்தானை அழுத்தினால் ஒரு நொடி மரம் மாதிரி நின்றுவிட்டுத்தான் படிவத்தை மூடும். கம்ப்யூட்டர் பார்க்க வருகிறவர் சொன்னார்: "அது செவிடு இல்லைங்க. அம்புக்குறிப் பொத்தானை அழுத்தினாலும் முதல்ல எஸ்கேப்போட குறிதான் வரும், மிச்சக் குறி பின்னாடி வரும். அதான், மிச்சம் வருதான்னு நின்னு பாக்குது."

நான் விடுவேனா? நச்சரித்து அந்த நொடியை இல்லாமலே செய்ய வைத்தேன். இரண்டு நாள் வேலை பறந்தது. நான் அழுத்துவதெல்லாம் லைன் வழியாகத் தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டருக்குத்தான் போகிறது; மூன்றாம் நாள் அந்த லைன் மந்தம். கீழே போக அம்புக்குறியைத் தட்டினேன். மிச்சக் குறி போய்ச் சேர்வதற்குள், அது எஸ்கேப்தான் என்று முடிவுகட்டிப் படிவத்தை மூடிவிட்டது. நாற்பது பெட்டி விவரமும் போயிற்று. "பழைய நொடியையே குடுத்துடுங்க சாமி" என்று கும்பிட்டேன். கால் நொடி போதும் என்று வைத்துவிட்டுப் போனார்.

நாற்பதையும் மறுபடி பதியும்போதுதான் உன் போன் நினைவுக்கு வந்தது. போன மாதம் "அக்கா, ஒண்ணு சொல்லணும்" என்றாய். அப்புறம் சத்தமில்லை. நான், "என்னடா, பொண்டாட்டி அடிச்சிட்டாளா?" என்று சிரித்துவிட்டு போனை வைத்துவிட்டேன். உன் வீட்டில் டி.வி. சத்தமோ அவள் குரலோ எதுவுமே கேட்கவில்லை. அதைக்கூட நான் கவனிக்கவில்லை. அதன்பிறகு நீ போனை எடுக்கவே இல்லை.

இங்கே ஒரு குறையும் இல்லை. சாப்பிடும்போது எதிர் நாற்காலியில் என் கைப்பையை உட்கார வைக்கிறேன். நல்ல பிள்ளை, எதிர்த்துப் பேசாது.

என்ன நடந்திருந்தாலும் சொல்லுடா. அவள் போயிருந்தாலும் சரி, வேலை போயிருந்தாலும் சரி. அழ வேண்டுமென்றால் அழு. நீ எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாலும் நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன். வேளைக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு கெடுதலும் வராது, நல்லா இருப்பே.

உன் வாயாடி அக்கா

பி.கு.: நீ கூப்பிடுவாய் என்று போனை இடுப்பிலேயே செருகி வைத்திருக்கிறேன். இன்று காலை துணி அலசும்போது வாளிக்குள் விழுந்துவிட்டது. இப்போது கொடியில், காலுறைகளுக்கு நடுவே காய்கிறது.