சர்க்கரை கேட்டவருக்குப் பனங்கட்டி

13 மார்ச் 1932, ஞாயிறு இரவு. பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.

இன்று பின்னேரம் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குத் தலைமைக் கிளார்க் வந்தார். தஞ்சாவூர்க்காரர். தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் சர்க்கரை குடுங்கம்மா" என்றார். அவர் கேட்டது சீனி. என் மனைவி பவளம் கல்யாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு மாதம்தான். எங்கள் ஆட்களுக்குச் சர்க்கரை என்றால் கறுப்பு வெல்லம், சீனிதான் வெள்ளை. தன் தாய் கொடுத்துவிட்ட பனங்கட்டியை, அந்தச் சின்ன ஓலைக் குட்டானோடு கொண்டுவந்து வைத்தாள். முகத்தில் அவ்வளவு சந்தோசம்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "அது மாட்டுக்கு வாங்கினது, சார்" என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். பவளம் அதை எடுத்துக்கொண்டு போய்ச் சீனிப் போத்தலைக் கொண்டுவந்தாள்.

என்ன புத்தியில்லாத பேய்க்கதை கதைத்தேன்! சீனித் தேநீரில் இனிப்பைத் தவிர ஒன்றுமில்லை. பனங்கட்டியை ஒரு கடி கடித்து, வெறுந்தேநீரை ஒரு மிடறு குடித்தால்தான் எனக்குத் தேநீர் குடித்த மாதிரி இருக்கும். தினமும் அப்படித்தான் குடிக்கிறேன், முன்கதவைச் சாத்திக்கொண்டு.

அவர் போனபின் எனக்கும் தேநீர் வந்தது. சீனி போட்டிருந்தாள்.

"பனங்கட்டி எங்கை?" என்றேன்.

"மாட்டுக்கு வைச்சிட்டன். மாட்டுக்குத்தானே வாங்கினது?"

பின்னால் கொட்டிலுக்குப் போய்ப் பார்த்தேன். மாடு குட்டானின் ஓலையையும் மென்றுகொண்டிருந்தது.