பலா மரத்தடிக் கரடி

எடப்புளி நாடு

அன்பு மகள் சுகந்திக்கு அப்பா எழுதுவது. எட்டுக்கை அம்மன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம், திருப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா. போனில் சொல்லலாமென்றால் உன் மகள் தர்ஷிகா காதை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் இன்றைக்கே திருப்பூர் கிளம்புகிற அசோக்கிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மிளகு இந்த வருசம் பரவாயில்லை, மரவள்ளியைத்தான் பன்றி கிளறிவிட்டது. அம்மாவுக்கு முட்டிவலி, தைலம் தடவச் சொன்னால் எனக்கே வைத்தியம் சொல்கிறாள்.

அங்கன்வாடிச் சுவரில் நம் மலை மிருகங்களை வரைந்து கொடுக்கச் சொல்லி கோகிலா டீச்சர் கேட்டாள், கோயில் நோன்பிக்குத் தட்டியில் படம் போட்டு எழுதுகிறவனுக்கு இதென்ன பெரிய வேலை என்று ஒத்துக்கொண்டேன். முள்ளம்பன்றி, தேவாங்கு, மலை அணில் எல்லாம் போட்டு, நடுவில் நம் வீட்டுப் பின்னால் நிற்கிற பலா மரத்தையே வரைந்து அதனடியில் ஒரு கரடியை நிறுத்தினேன், பிள்ளைகள் பயப்படக் கூடாதென்று சிரித்த முகமாகவே போட்டேன். எல்லாப் பிள்ளைகளும் கைதட்டின, உன் மகள் மட்டும் உதட்டைப் பிதுக்கினாள். நெஞ்சில் வெள்ளைக் கோடு இல்லையாம், முதுகில் குட்டி இல்லையாம், ஒரு காது கிழிந்திருக்க வேண்டுமாம். டிவியில் பார்த்திருப்பாள் என்று அவள் சொன்னபடியே திருத்தினேன். டிவிக் கரடிக்குக் காது ஏன் கிழியப்போகிறது, மரமண்டை எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நேற்று மீதி வேலையை முடிக்கப் போனால் கரடிக்கு முன்னால் கரிக்கட்டியில் கிறுக்கின ரெட்டைச் சடைப் பிள்ளை ஒன்று, நீட்டின கையில் பலாச்சுளை. இது யாரு சாமி என்று தர்ஷிகாவைக் கேட்டேன். "நாந்தான் அப்புச்சி. கொட்டைய எடுத்துட்டுக் குடுத்தாத்தான் அதுக்குப் புடிக்குது" என்றாள். பிரஷ்ஷை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன் கண்ணு. தினமும் கிண்ணத்தில் சுளையோடு பின்பக்கம் போவாள், தின்னத்தான் போகிறாள் என்று அம்மாவும் நானும் இருந்துவிட்டோம். மரத்தடியில் போய்ப் பார்த்தால் மண்ணெல்லாம் கரடித் தடம், அவளுடைய கிண்ணம் நக்கித் துடைத்துக் கிடக்கிறது. போன வருசம் மிளகு பறிக்கப் போன வெள்ளையன் முகத்தைப் பிய்த்ததும் குட்டிக்காரக் கரடிதான், உனக்குத் தெரியாததா.

ஃபாரஸ்ட் ஆபீசில் சொல்லியிருக்கிறேன், வருகிறோம் என்றார்கள். பயத்தில் பழத்தையெல்லாம் நேற்றே வெட்டி இறக்கிவிட்டேன், அவசரப்பட்டுவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. இன்று காலையில் பின்கதவு முழுக்க நகக் கீறல். மரத்தில் பழமில்லை என்றதும் கொடுத்துப் பழக்கின கையைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டது. பிள்ளையை முன்னறையில் வைத்துப் பூட்டியிருக்கிறோம், பாவம் அதுக்குப் பசிக்குமே என்று அழுகிறாள்.

ஷிப்டு, லீவு என்று சொல்லிக்கொண்டிருக்காமல் கண்டதும் கிளம்பி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போ. வந்ததும் திட்டாதே. உங்கள் மூவரையும் அம்மன் காப்பாற்றட்டும். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் பகல் பஸ்ஸாகப் பார்த்து ஏறு, வழியில் யார் பலாப்பழம் கொடுத்தாலும் கையில் வாங்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
ராசு