கணினி அறைச் சாவி

இன்று காலை எங்கள் தலைமையாசிரியர் புதுக் கணினி அறையின் சாவியை என்னிடம் ஒப்படைத்தார். உள்ளே போடலாமென்று கைப்பையைத் திறந்தால், அடியில் அந்தப் பழைய சாவி. 'கணினி' என்று என் கையெழுத்தில் எழுதிய அட்டை இன்னும் அதில் தொங்குகிறது. பத்து வருடத்தில் எத்தனையோ பை மாற்றிவிட்டேன், அதை மட்டும் தூக்கிப் போட முடியவில்லை. தொலைந்துவிட்டதென்று உன்னிடம் சொன்னேனே, அதே சாவிதான்.

நாம் இருவரும் பயிற்சி ஆசிரியைகளாக ஜார்ஜ் டவுனில் அந்தத் தமிழ்ப்பள்ளிக்குப் போன வருடம். பெற்றோர் சங்கம் வாங்கிக் கொடுத்த ஒரே ஒரு கம்ப்யூட்டர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் நுழைய வேண்டும், சாமி அறை கெட்டது போ! அதன் சாவி என் பொறுப்பு. நான் மணிலா அட்டையில் கிளியும் பூவும் வரைந்து, வெட்டி, ஒட்டி, கடலுக்கு அக்கரையிலிருக்கும் பிறையிலிருந்து பெரிப் படகில் காற்றோடு மல்லுக்கட்டிக் கொண்டுவருவேன். நீ கையை வீசிக்கொண்டு வருவாய். திரையில் புள்ளி புள்ளியாக ஒரு 'ப' எழும். அவ்வளவுதான், ஐந்தாம் வகுப்பே உன் பின்னால் ஓடும். என் கிளியை ஒரு பிள்ளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. வயிறு எரிந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர் உன் பாடத்தைப் பார்க்க வந்த நாள். அன்று சறுக்கினால் உனக்கு இன்னொரு வருடம் மறுபடியும் பயிற்சி. அது எனக்கும் தெரியும்.

"சாவி எங்கடி? சார் வந்துட்டாரு லா!" என்று மூச்சிரைக்க ஓடி வந்தாய்.

பைக்குள் கையை விட்டுக் கிளறினேன். விரலில் சாவி தட்டுப்பட்டது. "ஐயோ, காணோம்டி. பெரில விழுந்துருச்சு போல" என்றேன்.

உன் முகம் வெளுத்தது. ஒரே நிமிடம்தான். சுண்ணக்கட்டிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பிள்ளைகளைப் பூப்பந்துத் திடலுக்கு ஓட்டிப் போனாய். சிமெண்டுத் தரையில் முப்பது கட்டம், கட்டத்துக்கு ஒரு பிள்ளை. "எழுந்தா வெளிச்சம், உக்காந்தா இருட்டு. இப்ப நீங்கதான் கம்ப்யூட்டர்!" ஒருத்தி கட்டளைகளை வாசிக்க வாசிக்க, தரையில் ஒரு 'ப' எழுந்து நின்றது. நடுவில் ஒரு பையன் தப்பாக எழுந்துவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "அவன ஏன் சிரிக்கிறீங்க? கம்ப்யூட்டர் சொன்னதத்தான் செய்யும். நாம சொன்னதுல தப்பு எங்கன்னு பாருங்க" என்றாய். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த விரிவுரையாளர் கைதட்டினார்.

உனக்கு அந்த வருடத்தின் முதல் இடம். கம்ப்யூட்டர் உன்னைத் தூக்கிவிடுகிறது என்றல்லவா என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன்? அதையும் பிடுங்கிவிட்டாய்.

அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. "சாவி போனா போவுது லா, புதுப் பூட்டு போட்டுக்குவாங்க. இதுக்குப் போயி அழுவுறியே" என்று உன் கைக்குட்டையால் என் கண்ணைத் துடைத்தாய். பாவி, நான் சாவிக்காக அழவில்லையடி. உன்னைப் போல எனக்கு வராதே என்றுதான் அழுதேன்.

போன மாதம் தண்ணீர்மலைப் பக்கம் உன் வீட்டில் உன்னைக் கிடத்தியிருந்தபோதும் இந்தப் பை என் தோளில்தான் இருந்தது. நெட்டையாக ஒருவன் வந்து அழுதான். பிறைத் தொழிற்சாலையில் கணினி வேலையாம். "அன்னைக்குத் தப்பா எழுந்து நின்னது நாந்தான்" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் அந்த ஸ்கூல்லயா டீச்சர் இருந்தீங்க?" என்று கேட்டான். சவமாகக் கிடக்கிற உன்மேல் பொறாமைப்பட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பட்டேன்.

இன்று புதுச் சாவியைப் பையில் போடவில்லை. அறை வாசலில் ஓர் ஆணி அடித்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மாட்டினேன்.

"என்ன டீச்சர் இது, காணாமப் போயிட்டா?" என்று பதறினார் தலைமையாசிரியர்.

"சாவி தானா காணாமப் போவாது சார்" என்றேன். பழையது பைக்குள், என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.