முன்னாடி வெட்டிடாதே

மார்ச் 4, செவ்வாய்

கல்லூரியிலிருந்து திரும்பியபோது ஷெட் கதவு திறந்திருந்தது. அவர் உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில், கைத்தடியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு, காரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எங்கள் திருமணத்துக்கு முந்தைய வருஷம் அவர் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. இரண்டே இருக்கை. கூரை கிடையாது. மகள் பிறப்பதற்கு முன்பே அது நின்றுவிட்டது. மகள் இப்போது வேலைக்காக வேறு ஊரில் இருக்கிறாள்.

"என்ன பண்றீங்க?"

"பாக்கறேன்."

போன வருஷம் பக்கவாதம் வந்ததிலிருந்து வாக்கியத்தின் முதல் பாதியை அவர் விழுங்கிவிடுகிறார். விழுங்கியதை நான் யூகித்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷப் பழக்கத்தில் அது ஒன்றும் கஷ்டமில்லை.

மார்ச் 11, செவ்வாய்

"இடது கால் பெரும்பாலும் சரியாயிடும்" என்றார் டாக்டர். நான் புள்ளியியல் பாடம் நடத்துகிறவள். பெரும்பாலும் என்றால் எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார்.

திரும்பும் வழியில் இவர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்: "கிளச்."

மார்ச் 22, சனி

வெல்டர் வந்து பார்த்தார். இவருடைய பழைய சிநேகிதர். எஞ்சினில் மேலிருந்து கீழ்வரை விரிசல்.

"அக்கா, இனிமே இது எஞ்சின் இல்ல. பூந்தொட்டி."

இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் விசாரித்து வைத்திருந்ததைச் சொன்னேன்: பின்பக்கம் இடி வாங்கி நசுங்கிய ஒரு வாடகைக் கார் விற்பனைக்கு இருக்கிறது. எஞ்சினுக்குச் சேதமில்லை. கூடவே ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். கிளச் இல்லை, இடது காலுக்கு வேலை இல்லை.

"டாக்ஸி எஞ்சினா? பந்தயக் குதிரைக்கு எருமைக் காலா?"

"எருமையாவது நடக்குமே."

வெல்டர் திடீரென்று டயரை ஆராய ஆரம்பித்தார்.

மார்ச் 23, ஞாயிறு

நாத்தனார் போன் செய்தார். வெல்டர் சொல்லியிருக்க வேண்டும். அந்த மனிதரின் வாயை வெல்டிங் வைத்தாலும் மூட முடியாது.

"மொதல்ல அவன் ஒழுங்கா நடக்கட்டும். அவன்தான் ஆடறான்னா நீயும் சேந்து தாளம் போடறியே."

"சரி அண்ணி."

"என்ன சரி?"

"நீங்க சொன்னது சரி அண்ணி."

பிறகு அந்த வாடகைக் காருக்கு முன்பணம் அனுப்பினேன்.

ஏப்ரல் 5, சனி

அவர் ஒப்புக்கொண்டார், நிபந்தனையோடு. ஒத்திகை பார்த்திருப்பார் போலிருக்கிறது, வாக்கியங்கள் முழுசாக வந்தன.

"கார்ல எதையும் வெட்டக் கூடாது. புது எஞ்சினுக்குப் பிளேட் வச்சு போல்ட்டுல மாட்டணும். கால் சரியானதும் பழைய எஞ்சின ரிப்பேர் பண்ணி, பழைய கியர்பாக்ஸோட திரும்ப வைக்கணும். முன்னாடி இருந்த மாதிரியே."

அந்தக் கால் சரியாகும் என்று நான் நம்பவில்லை. ஆனால் வெட்டாமல் இருப்பதில் யாருக்கும் சிரமமில்லை. சரி என்றேன்.

ஏப்ரல் 12, சனி

பழைய எஞ்சின் வெளியே வந்துவிட்டது. அவர் நாற்காலியிலிருந்து ஆணையிடுகிறார், நான் கழற்றுகிறேன். "பெரிசு" என்றால் பெரிய ஸ்பேனர். "ம்ஹும்" என்றால் நான் இறுக்கிக்கொண்டிருக்கிறேன், கழற்றவில்லை.

நேற்று வகுப்பில் ஒரு மாணவி என் நகங்களைப் பார்த்து, "கைக்கு என்னாச்சு மேடம்?" என்றாள். "எஞ்சின்" என்றேன். வகுப்பே சிரித்தது. நான் ஜோக் அடிப்பேன் என்று இத்தனை வருஷத்தில் யாரும் சந்தேகப்பட்டதுகூட இல்லை.

ஏப்ரல் 16, புதன்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

அவர் பிசியோதெரபிக்குப் போயிருந்தார். ஷெட்டில் நானும் வெல்டரும். புது எஞ்சின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கிப் பார்த்தால், டாக்ஸியின் கியர்பாக்ஸ் பருமன். பழைய மவுண்டிங்கில் இடிக்கிறது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தாங்குவதற்கு, கார் செய்தபோதே சட்டத்தோடு வெல்டிங் வைத்த இரும்புக் காதுகள் அவை. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு.

அவருக்குப் போன் செய்தேன்.

"இடிக்குதுங்க. மவுண்டிங்க வெட்டினாத்தான் உக்காரும்ங்கறார்."

அந்தப் பக்கம் ஏதோ முனகல். அப்புறம் தெளிவாக: "...முன்னாடி வெட்டிடாதே." தெரபி செய்கிற பெண் "சார், காலை நீட்டுங்க" என்றாள். போன் நின்றுவிட்டது.

முன்னாடி வெட்டக் கூடாது. அதாவது பின்னாடி வெட்டலாம். நானும் அப்படித்தான் வெல்டரிடம் சொன்னேன். பின்னால் இருந்த இரண்டையும் அவர் அறுத்துத் தரையில் போட்டார். எஞ்சின் புதுப் பிளேட்டுகள்மேல் சமர்த்தாக உட்கார்ந்தது.

தெரபி முடிந்து இவர் வந்து குனிந்து பார்த்தார். தரையில் கிடந்ததையும் பார்த்தார்.

"நான் வர்றதுக்கு முன்னாடி வெட்டிடாதேன்னு சொன்னேன்."

"நீங்க முன்னாடின்னு மட்டும்தான் சொன்னீங்க."

"வர்றதுக்கு முன்னாடி!"

"எனக்குக் கேட்டது முன்னாடி."

"திரும்ப ஒட்டிரலாம் அண்ணே" என்றார் வெல்டர்.

"ஒட்டலாம். பழைய அளவு வருமா?"

வெல்டர் கருவிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

ஏப்ரல் 17, வியாழன்

பேசவில்லை. பாதி வாக்கியம்கூட இல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

மூக்குக்கு எதிரே இருப்பதும் முன்னாடி, முடிந்து போனதும் முன்னாடி. இந்த மொழியை வைத்துக்கொண்டு யாரும் எஞ்சின் மாட்டக் கூடாது.

ஆனால் நிஜமாகவே எனக்குப் புரியவில்லையா? எதையும் வெட்டக் கூடாது என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருந்தார். ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் பாதியை வெட்டலாம் என்று எப்படி எடுத்துக்கொண்டேன்? திரும்ப ஒரு போன் பண்ணியிருந்தா என்ன? — பண்ணல. எஞ்சின் தொங்கிட்டு இருந்தது, வெல்டர் காத்துட்டு இருந்தார், நான்தான் இவரோட பாதி வார்த்தைய யூகிக்கறதுல பெரிய கெட்டிக்காரியாச்சே. எல்லாத்தையும் நானே முடிச்சு வைக்கறேன் — சட்டைப் பட்டன், மாத்திரை, வாக்கியம். இப்ப இதையும்.

மதியம் சாப்பாடு வைத்தேன். சாப்பிட்டார். தட்டை அவரே எடுத்துப்போய்க் கழுவினார், சுவரைப் பிடித்துக்கொண்டு. நான் வாங்கப் போனதற்குக் கையை உதறினார்.

கோபத்தில் நன்றாக நடக்கிறார். குறித்து வைக்கிறேன்.

ஏப்ரல் 24, வியாழன்

காலையில் காப்பி குடிக்கும்போது:

"வெல்டர வரச் சொல்லு."

"எதுக்கு?"

அவர் வாக்கியத்தைத் தொடங்கினார். நடுவில் தடுக்கியது. நான் வாயைத் திறக்கவில்லை. காப்பியில் ஆடை படிந்தது. கடைசியில் வந்து சேர்ந்தது:

"மிச்சம் ரெண்டு காதையும் வெட்டச் சொல்லு. ரேடியேட்டருக்கு இடைஞ்சலா இருக்கு."

அந்த இரண்டும் எதற்கும் இடைஞ்சல் இல்லை. எனக்கே தெரியும். வெல்டரை வரச் சொன்னேன்.

வெட்டும்போது அவர் பக்கத்திலேயே நின்றார், உட்காரவில்லை. முடிந்ததும் வெல்டர் பழைய எஞ்சினைக் காட்டி, "இத என்ன செய்யலாம் அண்ணே?" என்றார்.

"எடுத்துட்டுப் போ."

"கடைக் கதவு காத்துக்கு அடிச்சுக்குது. முட்டுக் குடுக்கலாமா?"

"குடு."

மே 10, சனி

எஞ்சின் ஓடியது. முதல் தடவையிலேயே. ஒரு இழவும் ஆகவில்லை, புகைகூட இல்லை. அண்ணனைப் பார்க்க வந்திருந்த நாத்தனார், உள்ளே எங்கள் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். "யாரு டாக்ஸிக்குச் சொன்னது? நான் இன்னும் கிளம்பவே இல்லையே."

இவர் சிரித்தார். வாய் இன்னும் ஒரு பக்கம்தான் போகிறது. ஆனால் சிரிப்புதான்.

மே 27, செவ்வாய்

லைசென்ஸ் கிடைத்தது: கிளச் இல்லாத வண்டி மட்டும். அதிகாரி காரைச் சுற்றி வந்து, "இந்த மாடல்ல ஆட்டோமேட்டிக் வந்ததே இல்லையே சார்" என்றார்.

"இதுல வந்திருக்கு."

ஜூன் 8, ஞாயிறு

காலை உணவு முடிந்ததும் அவர் சாவியை எடுத்தார். நான் முடியைக் கட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, செருப்பு மாட்டி வாசலுக்கு வந்தேன்.

"நீ எங்க?" என்றார்.

நான் காரின் பக்கத்து இருக்கையைக் காட்டினேன்.

"இன்னிக்கு நான் மட்டும்."

கைத்தடியைப் பக்கத்து இருக்கையில் சாய்த்து வைத்து, அதற்கு பெல்ட்டும் மாட்டினார். திருப்பத்தில் சிவப்பு மறையும்வரை நின்றேன். செருப்பைக் கழற்றினேன்.

பதினோரு மணி வாக்கில் போன்.

"நின்னுடுச்சு."

"எங்க? நான்—"

"வேணாம்."

"வெல்டரையாவது—"

காத்திருந்தேன். மெதுவாக, முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை சொன்னார்: "நீயும் வர வேண்டாம், யாரையும் அனுப்பவும் வேண்டாம், நானே பாத்துக்கறேன்."

விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். ஒரே தாளை மூன்று தடவை கூட்டினேன், மூன்று விதமாக மதிப்பெண் வந்தது. அதிகமானதைப் போட்டேன். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு நான் சாப்பிட்டேன். போனைக் கையில் எடுத்து, திரும்ப வைத்தேன்.

நாலு மணிக்கு மேல் தெருவில் அந்த டாக்ஸிச் சத்தம். எழுந்திருக்கவில்லை. கேட் திறக்க நேரமானது. பிறகு திறந்தது.