கார்டில் கீறிய ‘ம’

ஜனவரி 6, செவ்வாய்
பனி. துணி காயவில்லை.
பெரிய பேரன் ஜான், கிரேன் ஓட்ட லைசென்ஸ் வாங்கிவிட்டான். சின்னவள் மேரி, கையெழுத்துப் போட்டியில் முதல் பரிசு. (நான் அஞ்சாங்கிளாஸ்தான். ஆனால் அந்தக் கையெழுத்து என்னுடையது.) நடுவில் ஸ்டெல்லா, கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிப்டு சூப்பர்வைசர். ஞாயிறு பதினோரு பெண்களை மலைக்குக் கூட்டிப் போகிறாள். முதல் தடவை அவளே தலைவி.

மலையில் போன் எடுக்காது. கையில் ஜி.பி.எஸ். பெட்டி. மேப் எல்லாம் அதற்குள் நகம் அளவு கார்டில். ஊற்றுத் தண்ணீர் எங்கே, வழுக்குப் பாறை எங்கே, இவள் நடந்து நடந்து குறித்ததும் அதில்தான். இடம் போதவில்லையாம். பழைய மேப்பை அழித்துப் புதுசு ஏற்றக் கோபியிடம் கொடுக்கப் போகிறாள். கவரைப்பேட்டைக்காரன், அதே கம்பெனி.
"அவங்கைல ஏம்மே குடுக்கற?"
"அவன்கிட்டதான் ஆயா லேப்டாப் கீது."
போன வருடம் தலைவன் அவன். இப்போது இவள். சும்மா இருப்பானா? போன வருடமே இவள் குறித்ததையெல்லாம் லேப்டாப்பில் இறக்கிக்கொண்டான். பத்திரத்துக்காம். யார் கேட்டது அவன் பத்திரத்தை?

ஜனவரி 7, புதன்
கோபி கார்டை மாற்றிக் கொடுத்தால்? எங்கள் வீட்டு டம்ளர், அண்டா எல்லாவற்றிலும் ‘ம’ வெட்டியிருக்கும், என் வீட்டுக்காரர் பெயர் மரியதாஸ். இரவல் போன அண்டா அதனால்தான் திரும்பி வந்தது. ஸ்டெல்லா குளிக்கப் போனதும் ஊக்கால் கார்டில் ‘ம’ கீறினேன். முன்பக்கம் முழுக்க அச்செழுத்து, இடமில்லை. பின்னால் தங்க நிறக் கோடுகள், அதில் நன்றாகப் பதிந்தது.

ஜனவரி 9, வெள்ளி
கோபியிடமிருந்து திரும்பி வந்த கார்டு செத்துவிட்டது. எதிலும் படிக்கவில்லை.
ஸ்டெல்லா போனில்: "உன்னாண்ட குடுத்தப்ப நல்லாத்தான இருந்துச்சு? பின்னாடி இன்னா கீறலு?" அவன் ஏதோ சொல்ல வந்தான், வைத்துவிட்டாள். மலை கேன்சல் என்று அழுகை.
கீறலைப் பார்த்தேன். என் ‘ம’. கார்டைக் கவிழ்த்து வைத்தேன்.

ஜனவரி 10, சனி
பால் பொங்கி வழிந்தது. கோபி வீட்டுக்கே வந்தான். டீ கொடுத்தேன். டம்ளரைத் திருப்பிப் பார்த்தான். கார்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
ஸ்டெல்லாவிடம், "பழைய கார்டு, பூட்ச்சு. வுடு. நீ குறிச்சதெல்லாம் என் லேப்டாப்ல பத்திரமா கீது. புதுக் கார்டுல ஏத்திக்கினு வந்துட்டேன்."
காட்டிக் கொடுக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.
"நான்தான் கீறனேன்."
ஸ்டெல்லா என்னைப் பார்க்கவே இல்லை. அவன் சிரித்தான். "புதுசுலயும் ஒரு ‘ம’ போடறியா ஆயா?"
ஊக்கைக் கழற்றி மேரியிடம் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு
கோயிலில் மனம் நிற்கவில்லை. மாலை ஸ்டெல்லாவின் மெசேஜ்: எல்லாரும் இறங்கிட்டோம். எழுத்தை மட்டும் எப்படி நம்புவது? மெசேஜில் அவள் பெயருக்குப் பக்கத்துப் படம் இன்னும் போன வருட மலையில் எடுத்தது, கோபி முன்னால், இவள் கடைசியில். பதில் எழுதினேன்: பழைய படத்தை எடுத்துவிடு. புது போட்டோ போடு. பதினோரு பேரும் தெரிய வேண்டும், எண்ணுவேன். நீ முன்னால் நில். கோபிக்கும் ஒன்று அனுப்பு.